கழுவிவிட்ட தரை

முதல் ஷிப்டுக்கு வழக்கம்போலக் கூட்டிப் பெருக்க வந்த சாந்தம்மாவை வாட்ச்மேன் திம்மப்பன் கேட்டிலேயே நிறுத்தினார். "நைட் ஷிப்டு தினேசு போயிட்டாம்மா," என்றார் கிசுகிசுப்பாக. "விடியறப்ப. தகடு அடிக்கிற பெரிய பிரஸ்சு மிசினு தலையிலயே எறங்கிடுச்சு."

ஷெட்டுக்குள் எண்ணெய் நாற்றம் அவளுக்குப் பழகியதுதான். இன்று அதற்குள் பச்சை ரத்தத்தின் வாடை இருந்தது. உடலை ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் தரையில் கிடந்தது.

"தண்ணி அடிச்சுக் கழுவிவுடு சாந்தம்மா. ஆபீசருங்க வர்றதுக்குள்ள பளிச்னு இருக்கணும்," என்றான் சூப்பர்வைசர் ஹரீஷ்குமார்.

"மாட்டேன் சார். அவன் பொண்டாட்டி சாமல்பட்டியிலருந்து வந்துனு இருக்கா. செத்த எடத்துல நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு பிடி மண்ணு எடுத்துனு போனாத்தான் அவன் வூடு சேருவான். அதுக்கு முன்ன கழுவினா வழி தெரியாது."

"இங்க எங்க மண்ணு? சிமெண்ட்டப் பேத்துக் குடுக்கவா?"

"ரத்தத்தைத் துணியில ஒத்திக்குவா சார்."

"கழுவலன்னா நாளைக்கு இந்தக் கேட்டுக்குள்ள வராத."

சாந்தம்மாவின் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"வரல சார். இந்தப் பாவத்துல நான் கை வைக்க மாட்டேன்."

"பெரிய சாமியாரம்மா!"

அவனே ஹோஸ் குழாயை எடுத்தான். தண்ணீர் சீறியது. சிவப்பு நுரை சாக்கடைக் கம்பிகளுக்குள் இறங்கிற்று. பிரஸ்சின் அச்சுப் பள்ளத்தில் மயிரோடு ஒட்டிக்கிடந்ததைச் சுரண்டக் கையை உள்ளே விட்டான்.

மெயின் சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. சாந்தம்மா பார்த்தாள்.

பிரஸ் மூச்சு விட்டது.

இறங்கியது.

எலும்பு நொறுங்கும் சத்தம் முதலில் கேட்டது. அலறல் பிறகுதான் வந்தது. ஏறிய பிரஸ், அவன் கையை உருவுவதற்குள் மறுபடி இறங்கியது. மணிக்கட்டு. முழங்கை. இருட்டில் ஒருவன் எதையோ தட்டித் தடவித் தேடுவதுபோல, கரண்டே இல்லாத அந்த இரும்பு அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்தது.

சாந்தம்மா அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள்.

அவன் வந்தான். கை வரவில்லை.

ஆம்புலன்ஸ் கிளம்பியபோது தினேசின் பொண்டாட்டி மாதேஸ்வரி வந்துசேர்ந்தாள், கையில் வெள்ளைத் துணியோடு. சிவந்த தரையின் முன் மண்டியிட்டாள்.

"இதாக்கா அவுரு ரத்தம்?"

"இல்லம்மா. இது வேற ஆளுது." சாந்தம்மா சாக்கடைக் கம்பிகளைக் காட்டினாள். "அவனை இதுல கழுவி வுட்டுட்டாங்க."

துணி மாதேஸ்வரியின் கையிலிருந்து நழுவியது. ஆனாலும் கூப்பிட்டாள்.

"தினேசு மாமா... வூட்டுக்குப் போலாம் வா."

ஷெட் அடங்கிப்போயிருந்தது.

சாக்கடைக் கம்பிகளுக்கு அடியில் தண்ணீர் களகளத்தது. அதற்குள்ளிருந்து தினேசின் குரல் வந்தது.

"முகமே இல்ல புள்ள. கழுவிட்டாங்க. கண்ணு தெரியல. எந்தப் பக்கம் நிக்கிற?"

மாதேஸ்வரி கம்பிகள்மேல் விழுந்தாள். "இங்க மாமா! இங்க!"

பதில் வந்தது. இந்த முறை மதில் சுவருக்கு வெளியே, ஏரிக்குப் போகும் கால்வாயிலிருந்து.

"எந்தப் பக்கம்?"

அவள் கூப்பிடக் கூப்பிட, அது இன்னும் தள்ளித் தள்ளிக் கேட்டது.