சீமாட்டிக்குப் பேப்பர் இல்லை

விடிந்தும் விடியாததுமாகச் சின்னவன் வாசலில் வந்து நின்றதுமே அண்ணிக்கு மனசுக்குள் என்னவோ உறுத்தியது. எட்டு மணிக்கு முன்னால் கண் திறக்காத ஆசாமி. ஆறரை மணிக்குக் குளித்து, தலைசீவி, கையில் புது நாய்க் கழுத்துப்பட்டியோடு வந்து நின்றால் யாருக்குத்தான் உறுத்தாது?

"சீமாட்டியை ரெண்டு நாள் எங்க வீட்டுல வச்சிருந்து அனுப்புறேன் அண்ணி... காது, பல்லு எல்லாத்தையும் டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்றான்.

அண்ணி கணவரைப் பார்த்தாள். அவர் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தார். சர்க்கரை கரைந்து பத்து நிமிடம் ஆகியும் கலக்கிக்கொண்டே இருந்தார், தலை நிமிரவில்லை. தினமும் "வீடெல்லாம் நாய் முடி" என்று சுப்ரபாதம் பாடும் மாமியார், அன்றைக்குப் பார்த்து, பாவம் வாயில்லா ஜீவன், டாக்டரிடம் போய்விட்டு வரட்டும் என்று பரிந்து பேசினாள். சீமாட்டி போக மறுத்தது. நாலு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டது. அண்ணியே கழுத்தைத் தடவிக்கொடுத்து, "போயிட்டு வாடி கண்ணு" என்று வண்டியில் ஏற்றிவிட்டாள். தன் கையால் ஏற்றிவிட்டாள் என்பதுதான் பிறகு அவளை அதிகமாக அரித்தது.

அண்ணி என்பது அவள் பெயரல்ல. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது சின்னவனுக்கு ஒன்பது வயது. அவன் கூப்பிட்டதைக் கேட்டுத் தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. அவனுக்குப் பேன் பார்த்ததும், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டதும், கணக்கு வராமல் அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்து தானும் சேர்ந்து விழித்ததும் அவள்தான். கல்யாணமான இரண்டாம் வருடம் ஆசிரியைப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. அதே மாதம் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டது. "அடுத்த வருஷம் சேர்ந்துக்கலாமே" என்று கணவர் கேட்டார். சரி என்றாள். அந்த அடுத்த வருஷம் இன்னும் வந்து சேரவில்லை, இருபது வருஷமாக வழியில் இருக்கிறது. அவளும் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. குழந்தை பிறக்கவில்லை என்று ஊர் பேசியபோதுகூட, எனக்குத்தான் சின்னவன் இருக்கிறானே என்று சிரித்துக்கொண்டே சொன்னவள்.

சீமாட்டி வந்தது எட்டு மாதத்துக்கு முன்னால். தெருக்கோடி வீட்டில் குடியிருந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போனார்கள். மெத்தை, பீரோ, பூந்தொட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு போனவர்கள், நாயை மட்டும் துணி காயப்போடும் கயிற்றால் கொல்லைக் குழாயில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் குழாய் ஒழுகும் குழாயாக இருந்ததால் உயிர் தங்கியது. மூன்றாம் நாள் முனகல் கேட்டு அண்ணி மதில் ஏறிக் குதித்தாள், நாற்பத்துமூன்று வயதில். விலா எண்ணலாம் போலிருந்தது. காதுக்குள் சீழ். கழுத்துப்பட்டி இறுகித் தோலோடு ஒட்டிப்போயிருந்தது.

மருத்துவர் பார்த்துவிட்டு, அசல் லேப்ரடார், கலப்பே இல்லை, இரண்டு வயதுக்குள்தான் இருக்கும் என்றார். ஆனால் பதிவுப் பேப்பர் இல்லை, விட்டுப்போனவர்கள் எங்கே என்றும் தெரியவில்லை. வீட்டு உரிமையாளர், எடுத்துக்கொண்டு போய்த் தொலையுங்கள் என்று கை கழுவிவிட்டார். அண்ணி தினமும் இரண்டு வேளை காது துடைத்து, மருந்து விட்டு, தன் கையால் ஊட்டி ஒரு மாதத்தில் அதை நிமிர்த்தினாள். சோபாவில் கால் நீட்டிப் படுத்த அன்றைக்கு மாமியார்தான், "சீமாட்டி வந்துட்டா, விசிறி விடுங்க" என்றாள். பெயர் நிலைத்துவிட்டது.

முகம் சுளித்தது கணவர்தான். அவர் பத்திர எழுத்தர். வீட்டின் முன்னறையே அலுவலகம். விண்ணப்பம், ஒப்பந்தம், உறுதிமொழி என்று ஊரார் வாழ்க்கையெல்லாம் அவர் மேசையில் காகிதமாகக் கிடக்கும். பேப்பர் இல்லாத பொருள் எவனுக்கும் சொந்தமில்லை என்பது அவருடைய வேதம். அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. சாட்சிக்கு ஆள் கிடைக்காத பத்திரங்களுக்கு அண்ணிதான் சாட்சி. காலையில் அடுக்கிக் கொண்டுவந்து வைப்பார். அடுப்பில் பால் பொங்கும் அவசரத்தில், அவர் விரல் காட்டும் இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போவாள். படித்துப் பார்த்ததில்லை. புருஷன் எழுதியதைப் பெண்டாட்டி சரிபார்ப்பதா என்று நினைத்தாள், பைத்தியக்காரி!

இரண்டு நாள் நாலு நாளாயிற்று. போன் செய்தால் சின்னவன் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அண்ணி பஸ் ஏறி அவன் வீட்டுக்கே போனாள். அவன் நாய்க்குட்டி வளர்த்து விற்பவன். வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கூண்டுகள். மூன்றாவது கூண்டில் சீமாட்டி படுத்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து கம்பியில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு ஊளையிட்டது. கூண்டின் மேல் அட்டையில் வேறு ஏதோ பெயர் எழுதியிருந்தது.

சின்னவன் வெளியே போயிருந்தான். அவன் மனைவிக்கு ஒளிக்கத் தெரியாது, பாவம். அக்காவுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன், அதில் அக்கா கையெழுத்தே இருக்கிறதே என்று சொல்லி உள்ளே போய் நகலை எடுத்துவந்து நீட்டினாள். அண்ணி நின்றபடியே படித்தாள்.

விஷயம் இதுதான். பேப்பர் என்றால் அப்பன் யார், ஆத்தாள் யார், தாத்தா யார் என்று மூன்று தலைமுறைக்கு எழுதியிருக்கும் சான்றிதழ். அது இருக்கும் நாய் ஈன்றால்தான் குட்டிகளை நாய் வளர்ப்போர் சங்கம் பதிவு செய்யும். இரண்டு வருடத்துக்கு முன்னால் சின்னவன் வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டது. ஐந்துக்கும் பேப்பர் வாங்கினான். அதில் ஒன்று, வெளிர்மஞ்சள் பெண் குட்டி, ஒரு மாதத்தில் செத்துப்போனது. பேப்பர் மட்டும் பெட்டிக்குள் உயிரோடு இருந்தது. அந்தச் செத்த குட்டிதான் சீமாட்டி என்று இப்போது சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கீழே முத்து முத்தாகக் கணவர் எழுதிய வாசகம்: 'மேற்படி பெண் நாய் என் கொழுந்தனார் வீட்டில் பிறந்ததையும், குட்டியிலேயே எங்கள் வீட்டில் வளர்க்கக் கொடுக்கப்பட்டதையும், தற்போது அவரிடமே திரும்ப ஒப்படைக்கப்பட்டதையும் நான் நேரில் கண்டேன்.' அதற்கும் கீழே அவளுடைய கையெழுத்து. தன் நாயைத் தானே தாரை வார்த்து, அதற்குத் தானே சாட்சியும் போட்டிருக்கிறாள்!

கூண்டுக் கம்பிக்குள் விரலை விட்டுச் சீமாட்டியின் மூக்கைத் தடவினாள். நாய் போனதற்குக்கூட அழுதுவிடலாம். அவள் கையை வைத்தே அவள் கண்ணைக் குத்தியிருக்கிறார்களே, அதற்கு எந்தக் கண்ணீர் காணும்?

வீடு திரும்பியதும் நகலைக் கணவர் மேசையில் வைத்தாள். அவர் முகம் வெளுத்தது. பிறகு எழுத்தர் புத்தி வந்துவிட்டது, அடுக்கிக்கொண்டே போனார். சின்னவன் தொழில் படுத்துவிட்டது, நல்ல ஜாதிப் பெண் நாய் ஒன்று இருந்தால் நிமிர்ந்துவிடுவான், சீமாட்டிக்கும் அங்கே குறை இல்லை, அம்மாவும் சரி என்றாள். நாளைக்குச் சங்கத்திலிருந்து பரிசோதகர் வருகிறார், சாட்சியை நேரில் கேட்பார், ஒரு 'ஆமாம்' சொன்னால் போதும்.

"அத்தைக்குத் தெரியுமா?" என்று மட்டும் அண்ணி கேட்டாள்.

மாமியார் உள்ளேயிருந்தே பதில் சொன்னாள். "தெரியும்... உன்கிட்ட கேட்டா ஒப்பாரி வைப்பேன்னு நான்தான் சொல்ல வேண்டாம்னேன். ஒரு நாய்க்காகப் புருஷன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுடாதேம்மா. அவன் எழுதினது பொய்னு ஆச்சுன்னா நாளைக்கு அவனுக்கு உரிமம் இருக்குமா?"

அண்ணி அன்றைக்கும் சமைத்தாள், பரிமாறினாள், மாமியாரின் காலுக்கு எண்ணெய் தடவினாள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் கணவருக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

மறுநாள் சின்னவன் வீட்டுக்கு வந்த பரிசோதகர் ஒரு வயதான அம்மாள், வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். அவர் சீமாட்டியின் பல்லைப் பார்த்தார், காதைத் தூக்கிப் பார்த்தார். கழுத்து முடியை விலக்கி அங்கிருந்த தழும்பை விரலால் சுற்றித் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். சின்னவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கையெழுத்து உங்களோடதாம்மா?"

"என்னோடதுதான்."

"இதுல எழுதியிருக்கிறதெல்லாம் நீங்க நேர்ல பாத்தீங்களா?"

சின்னவன் அவளைப் பார்த்தான். கணக்கு வராதபோது பார்ப்பானே, அதே பார்வை. ஒரு 'ஆமாம்'. இவ்வளவு வருஷம் சொன்ன ஆமாம்களோடு இன்னொன்று. சொல்லிவிட்டால் எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். சீமாட்டி மட்டும் அந்தக் கூண்டில் வருஷா வருஷம் குட்டி ஈன்றுகொண்டே இருக்கும். ஈன முடியாமல் போகிற அன்றைக்கு இன்னொரு குழாயில் கட்டப்படும்.

"இல்லீங்க" என்றாள். "நான் பாத்தது வேற. தெருக்கோடி வீட்டுல மூணு நாளா பட்டினியா கட்டிக் கிடந்துச்சு. நான்தான் அவுத்துக் கூட்டிட்டு வந்தேன். இவளுக்கு அப்பன் ஆத்தா யாருன்னு எனக்குத் தெரியாது, இங்க இருக்கிற யாருக்கும் தெரியாது. படிக்காம கையெழுத்து போட்டது என் தப்பு. அதுக்கு என்ன தண்டனையோ எனக்கே குடுங்க... எழுதினவர் வேற யாருக்கும் இப்படி எழுதினதில்ல."

சின்னவன், "அண்ணி..." என்றான். அவள் அவன் பக்கம் திரும்பினாள். "உனக்கு என்னடா குறை வச்சேன் நான்?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அவன் தலை தொங்கிவிட்டது.

பரிசோதகர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விண்ணப்பத்தை இன்றைக்கே எழுத்து மூலம் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சங்கம் மேல்நடவடிக்கை எடுக்கும் என்று ஆண்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார். இனிச் சின்னவன் வீட்டில் பிறக்கும் எந்தக் குட்டியையும் தானே வந்து பார்க்காமல் பதிவு செய்யப்போவதில்லை என்றார். பிறகு குரலைத் தணித்து, "இவளுக்கு இனப் பேப்பர் கிடைக்காதும்மா. வளர்க்கிறவங்க பேர்ல வீட்டு நாய்னு எழுதிக்கலாம், அதுக்கு அப்பன் பேரெல்லாம் வேண்டாம்" என்று அண்ணியிடம் சொன்னார். அண்ணி கைகூப்பினாள். கூண்டைத் தானே திறந்தாள். பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள், அதனால் ஐந்து மைல் தூரமும் நடந்தே வீடு வந்து சேர்ந்தாள்.

அவள் வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் கணவர் வந்தார். அம்மாவிடம் போய் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். மாமியார் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள். "என்கிட்ட என்னடா சொல்றே? தப்பு நம்மளோடது. அவகிட்ட போய்ச் சொல்லு" என்றாள். அந்த வாயிலிருந்து 'நம்மளோடது' வந்ததே பெரிய காரியம்.

அண்ணி கொல்லைப் படியில் உட்கார்ந்து சீமாட்டியின் பாதத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். தார்ச்சாலைச் சூட்டில் கன்றிப்போயிருந்தது. அவர் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவளுக்குக் கீழே அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"என்னை மன்னிச்சிடு" என்றார்.

"நாயைக் குடுத்ததுக்கா?"

அவர் சீமாட்டியின் கன்றிய பாதத்தைப் பார்த்தார்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேங்க" என்றாள் அண்ணி. அதுவரை அடக்கியிருந்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது. "அழுதுகிட்டே குடுத்திருப்பேன்... ஆனா குடுத்திருப்பேன். நீங்க கேட்டு எதை நான் இல்லேன்னிருக்கேன்? படிப்பைக் கேட்டீங்க, குடுத்தேன். கேட்டா கிடைக்கும்னு தெரிஞ்சும் திருடியிருக்கீங்களே... அப்போ நான் யாரு இந்த வீட்டுல?"

அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். ஊரார் சண்டையெல்லாம் நாலு வரியில் எழுதித் தீர்க்கிறவருக்கு ஒரு வாக்கியம் முழுசாக வரவில்லை.

"நீ குடுத்துடுவேன்னு தெரியும்... அதனாலதான் கேக்க முடியல. ஒரு தடவை கேட்டுட்டு உன் படிப்பே போச்சு. மறுபடியும் உன் மூஞ்சியைப் பாத்து எப்படிக் கேப்பேன்?"

அண்ணி அவரையே பார்த்தாள். அவருக்கு அது ஞாபகமே இல்லை என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்! கோபம் போய்விடவில்லை. போகிற கோபமா அது? சின்னவன் விஷயத்தில் இப்போதைக்குப் போகப்போவதும் இல்லை. ஆனாலும் எழுந்து போகத் தோன்றவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவர் தலைமேல் வைத்தாள். அவர் அவள் முழங்காலில் முகம் புதைத்துக் குழந்தைபோல் விம்மினார். சீமாட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நடுவில் இடம் பண்ணிக்கொண்டு படுத்தது.

"இனிமே எதுன்னாலும் என் மூஞ்சியைப் பாத்துக் கேளுங்க" என்றாள் அண்ணி. "இல்லேன்னு சொல்ல எனக்கும் இன்னிக்குத்தான் வாய் வந்திருக்கு."