பிழையில்லாத ஒன்பது வருடம்

பின்னறைக் கணினி, யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கணக்கில் தப்பே செய்யவில்லை. எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினால் தப்பு செய்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இந்த மாதிரிக் கோளாறு அவனுக்குப் புதிதில்லை. மெக்கானிக் பக்கத்தில் நிற்கிறவரை சாதுவாக ஏறி இறங்கிவிட்டு, அவன் தெருமுனை திரும்பியதும் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் தொங்கும் லிஃப்டுகளை நிறையப் பார்த்திருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. அவன் ஏறி நின்ற பலகை அவன் எடையில் அழுந்தி, அடியில் தளர்ந்திருந்த ஒயரைச் சேர்த்துப் பிடித்திருக்கும். இறங்கியதும் ஒயர் விலகிவிடும். காரணமில்லாத கோளாறு கிடையாது என்பது அவன் தொழிலில் பாலபாடம்.

இப்போது அவனுடைய இடது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் விடுப்பு. மனைவி மருத்துவமனையில் நர்ஸ். காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஐந்துக்குத்தான் வருவாள். அதுவரை நான்கு வயது மகளுக்கு அவன்தான் காவல். வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர்.

"உங்களுக்கு ரெண்டே வேலை," என்று மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள். "காலை ஊனக்கூடாது. வாண்டு மேல ஒரு கண்ணு வச்சிருக்கணும். கம்ப்யூட்டர் இந்த லிஸ்டுல இல்ல."

"அது பாட்டுக்கு அது கணக்குப் போடுது. நாலு கோடி இலக்கம் உள்ள நம்பரை..."

"கண்டுபிடிச்சு ஃப்ரேம் போட்டு மாட்டப் போறீங்களா?"

"அவ்வளவு பெரிய ஃப்ரேம் எங்க கிடைக்கும்?"

"அதான் கவலை," என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண். இரண்டு, மூன்று, ஐந்து என்று பள்ளியில் விரல் விட்டு எண்ணியதுதான். ஆனால் கோடிக்கணக்கான இலக்கங்கள் கொண்ட பகா எண்ணைத் தேடுவது ஓர் இயந்திரத்தால் ஆகிற காரியமில்லை. அதனால் உலகமெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் கணினிகளை அந்த வேலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஓர் எண் வரும். அதைச் சோதிக்கும் முறை கேட்பதற்கு எளிது. மூன்றில் தொடங்க வேண்டும். அதை அதாலேயே பெருக்கி, வந்ததைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை மறுபடி அதாலேயே பெருக்க வேண்டும். இப்படிப் பதின்மூன்று கோடிக்கும் மேற்பட்ட தடவை. கடைசியில் ஒன்பது நின்றால், கையிலிருப்பது ஏறக்குறைய நிச்சயமாகப் பகா எண்.

இடையில் எங்காவது ஒரே ஓர் இலக்கம் புரண்டால் அதற்குப் பின் வரும் அத்தனையும் குப்பை. ஆகவே நிரல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேறொரு வழியில் தன்னையே சரிபார்த்துக்கொள்ளும். தப்பு இருந்தால், கடைசியாகச் சரியாக இருந்த இடத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து தொடங்கும். அப்படி நடக்கும்போதெல்லாம் ஒரு பீப் சத்தம் வரும்படி அவன் செய்து வைத்திருந்தான்.

அந்தச் சத்தம்தான் இப்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. மெமரியை மாற்றினான். விசிறியின் தூசியைத் தட்டினான். பிளக்கை வேறு இடத்தில் செருகினான். பீப். ஊன்றுகோலை ஊன்றி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தான். பத்து நிமிடம். இருபது. ஒரு மணி நேரம். சத்தமே இல்லை.

தன்னார்வலர்களின் இணையக் குழுமத்தில் கேட்டபோது, சந்தேகம் என்ற புனைபெயர்க்காரர் பதில் போட்டார். "தலைவரே, இதே கோளாறை ஒன்பது வருஷம் முன்னாடி ஒருத்தர் கேட்டிருக்கார். ஆள் உள்ள இருந்தா ஓடுது, இல்லன்னா தப்பு பண்ணுதுன்னு. கடைசில 'தீர்ந்தது'ன்னு ஒரே வார்த்தை போட்டுட்டு ஆள் எஸ்கேப்."

குழுமத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கேள்வி கேட்டவர், தீர்வு கிடைத்தால் அதையும் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். வெறுமனே 'தீர்ந்தது' என்று போடுகிறவரை அங்கே யாரும் மன்னிப்பதில்லை. அந்தப் பழைய கேள்வி இழையின் கீழே ஒன்பது வருட வசவு நீளமாகக் கிடந்தது.

"ஆனா பதிவேட்டுல பார்த்தேன், அவரோட மெஷின் இன்னமும் ஓடுதுங்க," என்று சந்தேகம் சேர்த்திருந்தார். "அன்னிலேருந்து ஒரு பிழை கிடையாது. என் மெஷினுக்கே மாசம் ஒண்ணு வருது. ஒண்ணு அவர் மெஷின் தெய்வப் பிறவி, இல்ல அவர் அங்கேயே குடியிருக்கார்."

அவன் அந்த மனிதருக்குத் தனியாக எழுதினான். 'தீர்வை எழுதாமல் போவது நியாயமா? என்ன செய்தீர்கள்?' பதில் வரவில்லை.

கணக்கு முடிய ஐந்து நாள்தான் பாக்கி. சரி, பக்கத்தில் உட்கார்ந்தால் தப்பு வராதென்றால் உட்கார்ந்துவிட்டால் போகிறது. தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் பின்னறைக்குப் போனான். கதவை ஒரு சாண் திறந்து வைத்தான். ஹாலில் வாண்டு விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். வெளியே ஓயாத மழை. ஈரத்துணி வாடை. கணினி விசிறியின் சீரான இரைச்சல். அதற்கு நடுவே வாண்டின் குரல், மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டு தனக்குத்தானே பேசுவது போல.

"தள்ளிட்டேனே. இன்னும் தள்ளணுமா?"

அவன் புன்னகைத்தான். அடுக்குகிற கட்டைக்கு உயிர் கொடுக்கிற வயது.

ஞாயிற்றுக்கிழமை, மனைவி வீட்டிலிருந்தபோது, ஒழுங்காக ஒரு சோதனை செய்துவிடத் தீர்மானித்தான். கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையின் சூட்டைக் கவனிக்க அவன் வேலைப் பையில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, முகப்பில் பெரிய எழுத்தில் காட்டும். அதைப் பின்னறை மேசையில் வைத்தான். கதவைச் சாத்தி, ஆளில்லாமல் ஒரு மணி நேரம்: இருபத்தெட்டு டிகிரி. அவன் உள்ளே உட்கார்ந்து ஒரு மணி நேரம்: இருபத்தெட்டு.

அப்படி இருக்க முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு ஒரு நூறு வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூட்டை வெளியே விடும். லிஃப்ட் கூண்டுக்கு விசிறி பொருத்தும்போது ஆள்கணக்குப் பார்ப்பதே அதனால்தான். அலமாரியிலிருந்து ஒரு நூறு வாட் பல்பை எடுத்து ஆளில்லாத அறையில் எரியவிட்டான். இருபத்தொன்பது. பல்போடு அவனும் உட்கார்ந்தான். அப்போதும் இருபத்தொன்பது.

பல்பு சேர்ந்தால் ஒரு டிகிரி ஏறுகிறது. அவன் சேர்ந்தால் ஏறவில்லை.

"என்ன இது, மழைக்காலத்துல ஹால் இப்படிப் புழுங்குது?" என்று வெளியிலிருந்து மனைவி கத்தினாள். "நீங்க உள்ள அடைகாத்தது போதும், வெளிய வாங்க."

அவன் வெளியே வந்தான். கதவைச் சாத்தினான். ஹாலில் அப்படியொன்றும் புழுக்கமில்லை. பத்து நிமிடத்தில் பீப் சத்தம் கேட்டது.

விடை அன்றிரவே மனதில் வந்துவிட்டது. லிஃப்டில் எடை கூடவில்லை, ஆனால் ஓர் ஆள் ஏறியிருக்கிறான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இன்னோர் ஆள் இறங்கியிருக்கிறான். அதை அவன் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் கால்கட்டை விட்டுவிட்டுத் தலைக்குக் கட்டுப் போடுவாள்.

திங்கட்கிழமை மதியம் வாண்டுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டான்.

"அப்பா ரூமுக்குள்ள இருக்கறப்போ நீ யார்கூட விளையாடுவே?"

"விளையாடாதுப்பா. சும்மா உக்காரும்."

"எங்க?"

வாண்டு சோபாவைக் காட்டினாள். அவள் எப்போதும் அதன் ஒரு மூலையில் ஒடுங்கி உட்காருவாள். மீதி இடம் காலியாக இருக்கும். சின்னப் பெண், எவ்வளவு இடம் வேண்டும் என்று அவன் நினைத்திருந்தான்.

"பக்கத்துல வெக்கையா இருக்குப்பா. ஆனா அதுக்குக் குளிருதாம்."

கையிலிருந்த கவளம் கையிலேயே இருந்தது.

அவன் மெதுவாக யோசித்தான், ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்ப்பதுபோல. அதற்குச் சூடு வேண்டும். பின்னறையில் கணினியின் சூடு இருக்கிறது. அதை ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அதனால் கணக்கு கெடுகிறது. யாராவது உள்ளே போனால் விலகி வெளியே வருகிறது. ஆக, பீப் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அது அறைக்குள் இருக்கிறது. சத்தம் நின்றால் அது வெளியே. நாலு நாளாக, கணக்கு சுத்தமாக வர வேண்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்து, அதை அவன்தான் ஹாலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். அவளிடம்.

இனி அந்த அறைக்குள் போவதில்லை. கணினியை நிறுத்துவதுமில்லை. கணக்கு நாசமாகப் போகட்டும். பின்னறைக் கதவை இறுகச் சாத்தி, சோபாவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மனைவிக்குப் போன் செய்தான். எடுக்கவில்லை, வார்டில் இருப்பாள். வாண்டு மூலையில் ஒடுங்கித் தூங்கிப்போனாள்.

பீப்.

வாழ்க்கையில் ஒரு பிழைச் சத்தம் இவ்வளவு இனிக்கும் என்று அவன் நினைத்ததில்லை.

பத்து நிமிடம். பீப். அடுத்த பத்து. பீப். மழை வலுத்து, ஜன்னல் கண்ணாடியில் வழிந்து, ஹால் சாம்பல் நிறமானது. போன் ஒளிர்ந்தது. பழைய இழைக்காரர். நான்கு நாள் கழித்து ஒரே வரி:

'வீட்டில் குழந்தை இருக்கிறதா?'

'இருக்கிறாள். ஏன்?' என்று எழுதினான்.

பதில் இல்லை. பத்து நிமிடம் ஆனது. பதினொன்று. பன்னிரண்டு.

பீப் வரவில்லை.

கரண்ட் போயிருக்கும். இல்லை, விசிறியின் இரைச்சல் கேட்கிறது. பதினைந்து. ஊன்றுகோலை இழுத்துக்கொண்டு பின்னறைக் கதவுவரை போனான். கதவில் ஒரு முழம் கண்ணாடி. அதன் வழியே பார்த்தான். திரையில் கணக்கு சுத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் பெட்டி.

இருபத்தேழு டிகிரி.

அவன் உள்ளே இல்லை. அதுவும் உள்ளே இல்லை.

முதுகுக்குப் பின்னால் ஹால். அங்கிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று, மூச்சைப் போல, வந்து வந்து போனது. ஈரத்துணி வாடை. சோபாவின் ஸ்பிரிங் ஒன்று மெல்ல அழுந்தும் சத்தம். வாண்டின் எடைக்கு அந்த ஸ்பிரிங் சத்தம் போடாது.

திரும்பினான்.

வாண்டு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை. அவளுடைய போர்வையில் பாதி மறுபக்கம் நீண்டு, எதன் மேலோ போர்த்தியிருந்தது. போர்வை ஏறியது. இறங்கியது. அவள் மூச்சோடு சேர்ந்து.

"வாண்டு."

அசையவில்லை.

"வாண்டு, எழுந்திரும்மா. அப்பாகிட்ட வா."

கண்ணிமைகூடத் துடிக்கவில்லை. ஓர் அடி வைத்தான். போர்வை, ஏறிய நிலையிலேயே நின்றது. வாண்டின் மார்பும் நின்றது. அவன் அடியைப் பின்னால் எடுத்தான். இரண்டும் இறங்கின.

போன் ஒளிர்ந்தது.

'தீர்வை எழுதாமல் போனது தப்புதான். எழுத மனம் வரவில்லை. தீர்வு இதுதான்: குழந்தை அதோடு சேர்ந்து தூங்கிக்கொண்டிருக்கும்வரை பிழை வராது. என் மகள் ஒன்பது வருடமாகத் தூங்குகிறாள்.'