பச்சைக் கோடு

லிஃப்ட் நின்றதும் அத்தான் டார்ச்சை என்னிடம் கொடுத்தார். மலைக்கு அடியில், வெகு ஆழத்தில் இருந்தது அந்த ஆய்வுக்கூடம். ஈரக்கல் வாடை. அக்கா வேலை பார்த்த இடத்தில் எனக்கு இன்று முதல் நாள்.

"பயமா இருக்கா?"

"நீங்கதான் இருக்கீங்களே அத்தான்."

அக்கா போன பிறகும் என்னைத் தங்கை போலப் பார்த்துக்கொண்டவர். அவள் போட்ட கல்யாண மோதிரத்தை இன்னும் கழற்றாதவர்.

நியூட்ரினோ என்ற நுண்துகள் வந்து சேரும் நேரத்தை, நொடியை நூறு கோடிப் பங்காக்கி அங்கே அளக்கிறார்கள். மேலே உள்ள கடிகாரத்தின் துடிப்பு ஒரு கண்ணாடி இழைக் கேபிளில் இறங்கி வரும். கேபிளின் நட் தளர்ந்தால் துடிப்பு தாமதமாகும், கணக்கே பொய்யாகும். அதனால் நட்டை முறுக்கியவர், அதிலிருந்து அது பொருந்தியிருக்கும் பலகைவரை மையால் ஒரு கோடு இழுக்க வேண்டும். யார் முறுக்கியது என்று தெரிய, ஆளுக்கொரு நிறம். அத்தானுக்குச் சிவப்பு. அக்காவுக்குப் பச்சை.

ஒருமுறை, நியூட்ரினோ ஒளியையே முந்திவிட்டது என்று அறிவித்து ஊர் சிரிக்க நின்றார்கள். காரணம், சரியாக முறுக்காத ஒரு நட். அதன்மேல் இருந்தது பச்சைக் கோடு.

"நான் அதைத் தொடவே இல்லடி" என்று அழுத அக்கா, மறுபடி பார்க்கத் தனியாக இறங்கினாள். கூடத்துத் தண்ணீர்த் தொட்டியிலிருந்துதான் அவளைப் பிணமாக எடுத்தார்கள்.

அத்தான் விளக்குகளைப் போடப் போனார். நான் அந்த நட்டின் முன் நின்றேன்; பக்கத்தில் தாமதத்தைக் காட்டும் திரை. திரையில் தாமதம் பூஜ்யம்.

கிர்ர்.

யாரும் தொடவில்லை. நட் தானாகத் திரும்பியது.

திரையில் எண் ஏறியது. காய்ந்த பச்சை மை செதில் செதிலாக உதிர்ந்தது.

அடியில் சிவப்பு.

பின்னால் மூச்சு கேட்டது. அத்தான்.

"பச்சைக்குக் கீழ உங்க நிறம் இருக்கு."

அவர் விரலிலிருந்த மோதிரத்தைத் திருகினார்.

"என் வேலை போயிருக்கும். அவள்னா தாங்கிப்பாள்னு நெனச்சேன்."

"தாங்கிக்கிட்டாளா?"

அவர் கைக்குட்டையை எடுத்தார். சிவப்பைத் துடைக்கக் கையை நீட்டினார். "வெளிய சொல்லாத. உன் வேலையும் போயிடும்."

விளக்கு அணைந்தது.

தொட்டித் தண்ணீரின் வாடை எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது.

அத்தான் அலறினார்.

விளக்கு வந்தபோது இடக்கையைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். மோதிரம் இறுகி, விரல் நீலம் பாரித்திருந்தது. மோதிரத்திலிருந்து தோல்வரை ஈரம் காயாத ஒரு பச்சைக் கோடு.

"கழட்டு... கழட்டு..." என்று கெஞ்சினார். என்னைப் பார்த்து அல்ல.

திரையில் தாமதம் பூஜ்யம்.

கிர்ர்.