பாக்கி பத்து இலை

ஒரு தேங்காய்ச் சிரட்டைத் தாமிரபரணித் தண்ணீர் என்ன விலை?

ஆற்றங்கரையில் கேட்டால் சிரிப்பார்கள். காற்று நின்றுபோன நடுக்கடலில், பாய்த்தோணிக்குள் இருந்து கேளுங்கள். ஒரு பவுன் நீட்டினாலும் விற்க ஆள் வராது.

பியூலாவுக்கு இது தெரியாது. வயது பத்து; ஊர் ஆற்றங்கரை. அப்பா ஞானையா வாத்தியாருக்குக் கீழக்கரைக்கு மாற்றல். ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலில், பத்தமடைப் பாய்க்கட்டுகளோடு அவர்களும் தோணி ஏறினார்கள்.

“ரெண்டே நாள்தான் அண்ணாச்சி” என்றார் மீரான். அவர்தான் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர். அவர் சொன்னதைக் காற்று கேட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் பாய் துவண்டு தொங்கியது.

கடல்நீரில் குளித்ததால் பியூலாவின் முடி ஈர்க்குச்சியாக விறைத்திருந்தது. விடியும்போது பைய எழுந்தாள். குடிநீர்ப் பீப்பாயின் தக்கையை உருவி, ஒரு செம்பு பிடித்துத் தலையில் ஊற்றிக்கொண்டாள். ஆகா! அப்படியே போய்ப் படுத்துவிட்டாள்.

தக்கையை மூடவில்லை. ஆற்றில் குளித்து வளர்ந்தவள் அல்லவா? ஆற்றை யாராவது மூடிவிட்டா வீட்டுக்குப் போவார்கள்?

தண்டல் வந்து பார்த்தபோது பாதிப் பீப்பாய் காலி.

“ஏலே மாடக்கண்ணு! உன் கன்னுக்கு ஊத்தினியாலே?”

மாடக்கண்ணு தோணியின் சமையற்காரர். கீழக்கரையில் வாழும் மகள் சந்தனமாரிக்காக ஒரு நாரத்தைக் கன்றைச் சட்டியில் வைத்துக் கொண்டுபோனார்.

“என் பங்குலதான் அண்ணாச்சி அதுக்கும் ஊத்துதேன். பீப்பாயைத் தொடல.”

“பின்னே, பீப்பாய் தானா அழுதுச்சாக்கும்! இனிமே ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு சிரட்டை. உனக்கு ஒண்ணுதாம்லே!”

பியூலாவின் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தாகத்தால் அல்ல.

இரண்டு நாள் அவள் வாயே திறக்கவில்லை. மாடக்கண்ணு அரைச் சிரட்டை குடித்தார். அரைச் சிரட்டை கன்றுக்கு ஊற்றினார். வெயிலுக்கு அது போதவில்லை. இலைகள் சுருண்டு விழுந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து மோந்து பார்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

“மகளுக்கு இந்த மணம்னா உசுரு, தாயி. அங்கன உப்பு மண்ணு, மரம் வராதும்பாவ. வச்சுத்தான் பாப்பமேன்னு...” என்றார் பியூலாவிடம்.

பதினோராவது இலை விழுந்தது. அதுதான் கடைசி. பியூலா தண்டல் முன்னால் போய் நின்றாள்.

“மாமா, தக்கையை மூடாம விட்டது நான்தான்.”

“அடியாத்தி! பீப்பாய்க்குத் தக்கை எதுக்கு இருக்குன்னு நெனச்சே?”

“ஆத்துக்குத் தக்கை ஏது மாமா?”

தோணியே சிரித்தது. வாத்தியார் தலை குனிந்துகொண்டார். மாடக்கண்ணு சட்டியையே பார்த்திருந்தார்.

“உன்னைச் சொன்னது தப்புதாம்லே” என்றார் தண்டல் அவரிடம். “இன்னையிலேர்ந்து உனக்கும் ரெண்டு.”

பியூலா மாடக்கண்ணு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “நான் அன்னைக்கே சொல்லியிருந்தா இலை நின்னிருக்குமா?”

மாடக்கண்ணுவுக்குப் பொய் சொல்ல வராது. “நின்னிருக்கும், தாயி.”

அவள் நகத்தால் கன்றின் தண்டை லேசாகக் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை!

“உயிர் இருக்கு! இந்தாங்க, என் பங்குல ஒண்ணு. நாளைக்கும் ஒண்ணு தருவேன்.”

“குச்சிக்கு எதுக்குத் தண்ணி?” என்று தண்டல் கேலி செய்தார். ஆனால் அந்தச் சிரட்டைகளை மாடக்கண்ணு குடிக்கவில்லை. சட்டியில்தான் ஊற்றினார்.

அதன் பிறகு காற்று வந்தது. கீழக்கரையும் வந்தது. கன்றை இறக்கும்போது, பியூலா தன் சிலேட்டில் எழுதியதை மாடக்கண்ணுவிடம் வாசித்துக் காட்டினாள்:

மாடக்கண்ணு மாமாவுக்குக் கிடைக்காமல் போனது, இரண்டு சிரட்டை. திருப்பிக் கொடுத்தது, இரண்டு.

உதிர்ந்த இலை, பதினொன்று. இன்று காலை வந்த துளிர், ஒன்று.

பாக்கி, பத்து.