நெற்றிக்கு மேலே ஓர் எலுமிச்சம்பழம்

ட்ரிங்... ட்ரிங்...!

சப்-இன்ஸ்பெக்டர் இராமலிங்கம் வாயிலிருந்த பஜ்ஜியை விழுங்காமலே ரிசீவரை எடுத்தார்.

"சார்... என் புருஷன் இன்னும் கொஞ்ச நேரத்துல என்னைக் கொல்லப் போறாரு!"

"யாரும்மா நீ?"

"அன்புச்செல்வி. அடி அண்ணாமலை பொருட்காட்சில துப்பாக்கி வித்தை காட்றாரே இளஞ்செழியன்... அவரு சம்சாரம். என் தலையில எலுமிச்சம்பழம் வெச்சு சுடுவாரு."

"அது தெனம் நடக்கறதுதானே?"

"தெனம் தோட்டாவுக்கு வெடிமருந்து போடறது நான் சார். இன்னைக்கு அவரே போட்டாரு... கம்மியா! மருந்து கம்மின்னா குண்டு கீழ எறங்குமாம். பழத்தைக் குறி வெச்சா நெத்தியில அடிக்குமாம். 'கை தவறிடுச்சு'ன்னு அழுதா போதும்னு அவரு சேத்துக்கிட்ட மெட்ராஸ்காரிகிட்ட போன்ல சொன்னாரு... என் காதால கேட்டேன்!"

பஜ்ஜி தொண்டையில் நின்றது.

"அய்யய்யோ! போய் நிக்காதம்மா!"

"கூப்பிட்றாங்க சார்..."

டொக்!

ஜீப் பறந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஜீப் தவழ்ந்தது. ஒரு சாமியார் அதை நடந்தே முந்தினார்!

இராமலிங்கம் குதித்து ஓடினார். தொப்பை முன்னால்... இதயம் அதற்கும் முன்னால்!

மைதானம்.

மரப்பலகைக்கு முன்னால் அன்புச்செல்வி. உச்சந்தலையில் பழம். உதடுகள் வெளுத்திருந்தன.

அறுபது அடி தள்ளி இளஞ்செழியன்... ரிவால்வரோடு!

"டேய்... நிறுத்துடா!"

கைதட்டல் அந்தக் குரலைத் தின்றது.

டுப்!

வழக்கமான வெடிச்சத்தம் இல்லை. இருமல் மாதிரி ஒன்று.

இராமலிங்கம் கண்களை மூடிக்கொண்டார். போலீஸ்காரர் செய்யக் கூடாத காரியம். நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம்.

திறந்தார்.

அவள் நின்றாள்! பழமும் நின்றது! பழத்துக்கு நாலு விரல் மேலே, பலகையில் ஓட்டை!

"எப்பிட்றா...?" இளஞ்செழியன் அலறினான். எதிரே மைக் இருப்பதே மறந்துபோனது. "மருந்தக் கம்மி பண்ணேனே! நெத்தியிலதானே அடிக்கணும்!"

அடி அண்ணாமலை முழுக்கக் கேட்டது.

மறுபடி சுட அவன் கையைத் தூக்குவதற்குள் இராமலிங்கத்தின் தொண்ணூறு கிலோவும் அவன்மேல் விழுந்தது. விலங்கு மாட்டிவிட்டு அவளிடம் ஓடினார்.

"எப்டிம்மா தப்பிச்ச?"

"மருந்து கம்மின்னா குண்டு மெதுவா போவும் சார். அது குழலை விட்டு வர்றதுக்குள்ள, உதைப்புல துப்பாக்கி மூக்கு ஜாஸ்தி தூக்கிடும். இவ்ளோ கிட்டத்துல குண்டு மேலதான் போவும். சுடறதுதான் அவரு வேலை... இதெல்லாம் எங்க பாத்தாரு?"

"தெரிஞ்சேவா நின்ன? ஓடியிருக்கலாமே!"

"ஓடினா, எனக்குத் தெரியாத வழியில இன்னொரு நாள் கொன்னிருப்பாரு சார். நீங்க கண்ணால பாத்துப் புடிக்கணும்னுதான் போன் பண்ணேன்."

தலையிலிருந்த பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். இராமலிங்கம் அதையும் பலகையிலிருந்த ஓட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவன் கை கொஞ்சம் கீழ எறங்கியிருந்தா...?"

"அந்த பயத்துலதான் சார் செத்துச் செத்துப் பொழச்சேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஆனா ஒண்ணு சார்... பதினோரு வருஷ குடித்தனத்துல அந்த மனுஷன்கிட்ட நம்ப முடிஞ்சது அந்தக் குறி ஒண்ணுதான்!"