ஆழ்துளைக்குள் இறங்கிய எர்த் ஒயர்

பாட்டுக் கருவி எதுவும் இணைக்கப்படாத அந்த ப்ரீஆம்ப்பின் மீட்டரில் முள் மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது, உறங்குபவரின் மார்பைப்போல.

அறிவுச்செல்வி குனிந்து பார்த்தாள். மெல்லிய இசையைச் சிதையாமல் ஏந்தி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் இத்தகைய பழைய பெட்டி ஒன்றை வாங்க அவள் இரண்டாண்டு காத்திருந்தாள். திருச்செங்கோட்டில் பேருந்து ஏற்றிவிட்டபோதே அண்ணன் சபரிநாதன், "பொம்பளைக்கு எதுக்குப் புள்ள இந்தக் கருமம்? பயந்துட்டு வெறுங்கையோட வந்துருவே பாரு" என்று சிரித்திருந்தான். அந்தச் சிரிப்புக்கு அவள் இடங்கொடுப்பதாக இல்லை.

மல்லசமுத்திரத்தின் அந்த அறையில் நடுப்பகல் வெயிலோடு ஈரக் களிமண் வாடையும் தேங்கியிருந்தது. பெட்டிக்குரிய தங்கசாமி ரிக் லாரியிலிருந்து இரும்பு ராடுகளை ஒவ்வொன்றாக இறக்கி ஆழ்துளைக் கிணறு தோண்டியவர். ஆறு மாதமாகக் காணவில்லை. சுவரில் இருந்த படத்தில், சிவப்புக்கல் மோதிரம் அணிந்த கையைப் பெட்டியின்மேல் வைத்திருந்தார். கடைசி நாள்களில் பாட்டே போடாமல் இதன் முன் உட்கார்ந்திருப்பார் என்று அவர் மனைவி சௌந்திரம் வாசற்படிக்கு வெளியே நின்றே சொன்னாள். உள்ளே வரவில்லை.

பழைய பெட்டி வாங்குவோரின் வழக்கப்படி, அறிவுச்செல்வி பாட்டில்லாமலே ஒலியளவை முழுதாக வைத்து ஸ்பீக்கரில் காது பொருத்தினாள். பாறையைக் குடையும் இரும்பின் தொலைதூர அதிர்வும், சேற்றில் குமிழியிடும் காற்றும், அவற்றுக்கும் அடியில் யாரோ மூச்சிழுக்கும் ஒலியும் மெல்ல அவள் செவிக்குள் ஊறின.

பிறகு குரல்.

"இன்னொரு ராடு எறக்கு, சாமி."

சௌந்திரம் முந்தானையை வாயில் அழுத்தினாள். "அவரு கொரலுதானுங்க. ஆளுங்கள அப்படித்தான் 'சாமி'ம்பாரு. போயிருங்க அம்முணி."

அறிவுச்செல்வி போகவில்லை. பெட்டியின் பின்னிருந்து சன்னல் வழியே ஓடிய பச்சை எர்த் ஒயரைத் தொடர்ந்து கொல்லைக்கு நடந்தாள். தண்ணீர் வராத ஆழ்துளைக் கிணறு. எர்த்துக்கெனத் தனிக் குழி வெட்டாமல், கிணற்றின் இரும்புக் குழாயிலேயே ஒயரைச் சுற்றியிருக்கிறார் தங்கசாமி. எல்லாக் குழியும் தன் குழி என்ற ரிக்காரரின் மிதப்பு. இப்போது அச்சுற்று அவிழ்ந்து, ஒயர் குழாய்க்குள் இறங்கியிருந்தது. ஆறரை அங்குல வாய். அருகே ஒரு சோடி ஆண் செருப்பு.

"பொட்டி எனக்குத்தானுங்க," என்றாள், பின்னால் வந்து நின்ற சௌந்திரத்திடம். "ஒயரோட எடுத்துட்டுப் போறேன்."

இழுத்தாள். இரண்டு முழம் வந்தது. ஈரம். நின்றது.

இறுகியது. உள்நோக்கி.

ஒயரை உள்ளங்கையில் இருமுறை சுற்றினாள். குதிகாலை மண்ணில் ஊன்றினாள். விடவில்லை.

குழாய் விளிம்பில், அதே ஒயரைப் பற்றியபடி, விரல்கள் ஏறின. ஒரே கைதான். ஐந்து. ஆறு. ஏழு.

ஏழாவதில் சிவப்புக்கல் மோதிரம்.