ஈரச் சத்தம்

அழகமுத்துவின் மைக்கில் வந்த சத்தம், யாரோ எதையோ மென்று தின்கிற சத்தமாகத்தான் முதலில் மார்கிரட்டுக்குக் கேட்டது. இணையவழிக் காலைக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் முந்தைய நாள் எழுதிய கம்ப்யூட்டர் நிரலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கையில், அவன் பக்கமிருந்து மட்டும், ஊறிப்போன பாண் ரொட்டியைப் பிசைவதுபோல, சளசளவென்று, மூச்சுவிடாமல் அது கேட்டுக்கொண்டே இருக்கும். கட்டுகஸ்தோட்டை வீட்டில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்குத் தன் காதையே எதுவோ நக்குவதுபோல் இருந்தது. கொஞ்ச நாள் பொறுத்தாள். பிறகு அவன் பேசும் முறை வரும்போது ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிடப் பழகிக்கொண்டாள்.

கண்டி அலுவலகத்தை மூடி, எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னபிறகு யாரும் அவனை நேரில் பார்க்கவில்லை. கெமராவும் போடமாட்டான். ஆனால் அவன் முடித்துத் தரும் வேலை மட்டும் கூடிக்கொண்டே போனது. குழுத் தலைவர் நஸீமுக்கு அதில் ஏக சந்தோஷம், சத்தம்தான் தொந்தரவு.

“மார்கிரட், புது ஹெட்செட் ஒண்டு அனுப்புறன். அம்பிட்டியவுக்குப் போய் அழகமுத்துக்குக் குடுத்துட்டு வாங்களேன். கிளையன்டுக்கு முன்னால இது சரியில்ல.”

அவளுக்கு வேலை பழக்கிவிட்டவனே அழகமுத்துதான். ‘அக்கா, அக்கா’ என்று பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டு உட்காருவான். சுகமா என்று அவனை ஒரு வார்த்தை கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்பது, மழையில் பஸ் மேடேறும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவனுக்கு அறை வாடகைக்கு விட்டிருந்த நல்லம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டே கதவைத் திறந்தாள்.

“எலிதான் செத்துக் கெடக்குன்னு நெனச்சேம்மா. தம்பி வெளிய வர்றதே இல்ல. வாசல்ல வெச்ச சோறு அப்படியே கெடக்கு. ஆனா உள்ளுக்கு டொக்கு டொக்குன்னு தட்டுற சத்தம் மட்டும் நிக்கல. கூப்பிட்டா, இந்தா வாறேங்கிறான்.”

மாற்றுச் சாவியைக் கையில் திணித்துவிட்டு நல்லம்மா முற்றத்தோடு நின்றுகொண்டாள்.

கதவைத் திறந்ததும், வாரக்கணக்கில் பிழியாமல் கிடந்த ஈரத்துவாயின் புளித்த நெடியும், சிக்குப்பிடித்த எண்ணெய்த் தலையின் வாடையும், அவற்றுக்கு அடியில் இனிப்பாக, பழம் அழுகுவதுபோன்ற இன்னொரு வீச்சமும் சேர்ந்து அவள் தொண்டைவரை இறங்கின. செருப்பை வாசலில் கழற்றியிருந்தாள். வெறுங்காலில் ஏதோ ஒட்டியது. குனிந்து பார்க்கவில்லை.

திரை வெளிச்சத்தில் அவன் முதுகு தெரிந்தது.

“வாங்க அக்கா.” அதே குரல். அதே மரியாதை.

“புது ஹெட்செட் கொண்டாந்திருக்கேன். பழசக் கழட்டு.”

“கழட்ட வராதுக்கா.”

கிட்டப் போனாள். ஹெட்செட்டின் ஸ்பொஞ்ச் எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே சாம்பல் நிறம். ஒரே ஈரம். மேலே பூஞ்சணம் மயிராக நின்றது. உறிஞ்சுவதுபோல அது உப்பி, அமுங்கியது. சளசள. சளசள.

சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரையின் கண்ணாடியில் அவன் அதைப் பார்த்துவிட்டான்.

“நாறுதாக்கா?”

“இல்லடா.”

“குளிக்கணும்னுதான் இருக்கேன். இத முடிச்சிட்டு...”

“எழும்பு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

கண்ணை இறுக மூடிக்கொண்டு அவன் தோளைப் பிடித்தாள். சட்டை வழுக்கியது. சட்டைக்குள் தோலும் வழுக்கியது. வெடுக்கென்று கையை உதறினாள். சுவரில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். அழுகை வந்தது. அதை முந்திக்கொண்டு வாந்தி வந்தது.

“பரவால்லக்கா. நானே எழும்புறேன்.”

கதிரை முனகியது. மெல்லத் திரும்பினான். பிடித்துக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் அவளிடம் நீட்டினான்.

கீபோர்டும் கூடவே வந்தது.

நகங்கள் இல்லை. நுனிகள் இல்லை. விரல்களின் சதை உருகி விசைகளின் இடுக்கில் இறங்கியிருந்தது. அதிலேயே கீபோர்ட் தொங்கியது. சொட்டியது.

அவன் விரல்கள் அசையவில்லை.

விசைகள் மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக, அமுங்கி எழுந்துகொண்டிருந்தன.